சதுரங்கப் பலகையின் அரிசி எண்: கேள்வி பதில்

இன்று ஒரே ஒரு எண்ணைப் பற்றி மட்டும் பேசலாம் என்று சொல்லியிருந்தேன். அந்த எண் இது:

18446744073709551615

நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. மொத்தம் இருபது இலக்கம். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் 1 அரிசி, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் பலகையில் சேரும் மொத்த அரிசி இவ்வளவு. சுருக்கமாக எழுதினால் 2⁶⁴ − 1. இனி இதை 'அரிசி எண்' என்றே சொல்கிறேன்.

முப்பது வருடம் பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். இந்த எண்ணோடு எனக்குள்ள பழக்கம் அதற்கும் முந்தையது. அரிசியின் எடை, கதையின் வயது எதையும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் என் மனசு இருப்பது எண்ணின் உள்ளே, அதன் காரணிகளில்தான். அதனால் சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு ஒரு வரியிலும் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. 2⁶⁴ வேறு, 2⁶⁴ − 1 வேறு. முன்னதை 2-ஐத் தவிர வேறு எந்தப் பகா எண்ணாலும் வகுக்க முடியாது. பின்னதை 2-ஆல் வகுக்கவே முடியாது, ஆனால் ஏழு வெவ்வேறு பகா எண்களால் வகுக்கலாம். ஒன்றுதானே வித்தியாசம் என்று விட்டுவிட்டால் இன்றைய பேச்சு முழுவதும் வீணாகிவிடும்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்): டீச்சர், 64 கட்டம் என்றால் 2⁶⁴ தானே வரவேண்டும்? ஏன் ஒன்று குறைகிறது?

பதில்: முதல் கட்டத்தில் இருப்பது 2 இல்லை, 1. அதனால் கடைசிக் கட்டத்தில் இருப்பது 2⁶³. இப்போது சின்னதாகப் போட்டுப் பார் தம்பி. 1 + 2 = 3. அடுத்த கட்டம் 4. 1 + 2 + 4 = 7. அடுத்த கட்டம் 8. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதற்கு முன்னால் கொட்டிய அரிசி எல்லாம் சேர்ந்தாலும் அந்தக் கட்டத்தைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். 65-ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் 2⁶⁴ வரும். அதற்கு ஒன்று குறைவுதான் நம் மொத்தம்.

கேள்வி (சேலம்): இதை வாயால் எப்படிச் சொல்வது?

பதில்: 1,84,467 கோடியே 44 இலட்சத்து 7 ஆயிரத்து 370 கோடியே 95 இலட்சத்து 51 ஆயிரத்து 615. கோடி இரண்டு முறை வருவது பிழையில்லை. முன்பாதி முழுவதும் 'கோடி கோடி'யின் கணக்கு.

கேள்வி (கணினித் துறை, கோயம்புத்தூர்): கணினி இல்லாத காலத்தில் 64 முறை இரட்டித்தா இதைக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: தேவையே இல்லை. சுமார் 1000-ஆம் ஆண்டு வாக்கிலேயே அல்பிரூனி என்ற அறிஞர் இந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை சரியாகக் கொடுத்துவிட்டார். அவர் பிடித்த வழி வர்க்கம். 16-ஐ வர்க்கமாக்கினால் 256. அதை வர்க்கமாக்கினால் 65536. இன்னொரு முறை செய்தால் 4294967296, அதாவது 2³². அதையும் வர்க்கமாக்கினால் 2⁶⁴. பிறகு ஒன்றைக் கழித்தால் முடிந்தது. மொத்தம் நான்கே பெருக்கல்.

கடைசிப் பெருக்கல் பயமுறுத்தும். அதற்கும் வழி உண்டு. 4294967296-ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். முதல் துண்டின் வர்க்கம் 1844616601. இரண்டாவதன் வர்க்கம் 4528751616. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. முதலாவதற்குப் பின்னால் பத்து பூஜ்யம், கடைசியாகச் சொன்னதற்குப் பின்னால் ஐந்து பூஜ்யம் சேர்த்து மூன்றையும் கூட்டுங்கள். 18446744073709551616 வரும். ஒரு தாளும் பேனாவும் போதும், கால் மணி நேரத்தில் முடியும். ஒருமுறையாவது கையால் செய்து பார்க்கச் சொல்லி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (கணக்காளர், திருப்பூர்): எக்செல்லில் போட்டால் 18446744073709500000 என்று வருகிறது. உங்கள் எண்ணில் கடைசி இலக்கங்கள் தப்பாக இருக்குமோ?

பதில்: தப்பு எக்செல்லின் பக்கம். அது 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே வகைக் கதைதான். 2⁵³-ஐத் தாண்டிய முழு எண்களை அதன் சாதாரண எண் வகையால் எல்லா இடத்திலும் பிரித்தறிய முடியாது. நம் எண்ணைக் கொடுத்தால் 18446744073709552000 என்று காட்டும். 2⁶⁴-உம் 2⁶⁴ − 1-உம் அதற்கு ஒன்றேதான். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை, அதில் போட்டுப் பாருங்கள். பெரிய எண்ணை உங்கள் கருவி முழுதாக வைத்திருக்கிறதா என்று பார்க்காமல் அதன் காரணியைத் தேடாதீர்கள். இதை இன்று இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிகிறது.

கேள்வி (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்): மேடம், காரணிகளைச் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியமாக, எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லுங்கள்.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

9999 எப்படிப் பிரியும்? 99 × 101. 99999999 எப்படிப் பிரியும்? 9999 × 10001. ஒரே இலக்கம் வரிசையாக இருந்தால் நடுவில் வெட்டலாம். நம் அரிசி எண்ணை இரும முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள். நடுவில் வெட்டினால் 2³² − 1, 2³² + 1 என்று இரண்டு காரணிகள். 2³² − 1 என்பது 32 ஒன்றுகள். அதையும் வெட்டலாம். 64, 32, 16, 8, 4, 2 என்று வெட்டிக்கொண்டே போனால் கையில் மிஞ்சுவது இது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒவ்வொன்றும் 2-இன் ஏதோ ஒரு அடுக்கோடு ஒன்று கூட்டியது. அந்த அடுக்குகள் 1, 2, 4, 8, 16, 32. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்தான், இப்படி வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1729-இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இந்தக் கூற்றை இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கடிதத்தில் கேட்டார். 1732-இல் ஆய்லர் ஆறாவதை உடைத்தார்:

4294967297 = 641 × 6700417

641 எப்படி அவர் கையில் சிக்கியது? ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுத்தால், அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்த பிறகு 64-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதனால் எல்லாப் பகா எண்ணையும் முயல வேண்டியதில்லை. 65, 129, 193, 257 என்று 64-64 ஆகத் தாண்டிப் போகலாம். அதில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது.

வகுத்துப் பார்க்காமலேயே 641-ஐ ஒப்புக்கொள்ள வைக்கும் வழியும் இருக்கிறது. இது ஆய்லருடையது அல்ல, பின்னாளில் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரியைப் பாருங்கள். 5 × 2⁷ என்பது 640. 640⁴ − 1 என்பதற்கு 640 + 1 ஒரு காரணி. ஆகவே 5⁴ × 2²⁸ − 1 என்ற எண்ணை 641 வகுக்கும். இனி இரண்டாம் வரியை 2²⁸-ஆல் பெருக்குங்கள். 5⁴ × 2²⁸ + 2³² என்ற எண்ணையும் 641 வகுக்கும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1. அதையும் 641 வகுத்தே ஆகவேண்டும். நான்கு வரியில், பத்து இலக்க எண் ஒன்றைக்கூட எழுதாமல் முடிந்துவிட்டது. பலகையில் இதை எழுதிக் காட்டிய ஒவ்வொரு வருடமும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எழுந்து நின்று மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறது.

ஆக முழுப் பட்டியல் இதுதான்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழும் வெவ்வேறு, எதுவும் இரண்டு முறை வராது.

கேள்வி (ஈரோடு): 7, 11, 13-ஆல் வகுபடாதா?

பதில்: படாது. மீதி முறையே 1, 4, 2.

கேள்வி (திண்டுக்கல்): கூட்டினால் 87, அதையும் கூட்டினால் 15, கடைசியில் 6. ஆறு அதிர்ஷ்ட எண்ணா?

பதில்: அந்தக் கூட்டல் சொல்வது ஒன்றைத்தான்: 9-ஆல் வகுத்தால் மீதி 6, ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. அதிர்ஷ்டம் என் பாடமில்லை.

கேள்வி (கும்பகோணம்): ஐந்தே வகுத்தலில் தெரிந்திருக்கக்கூடியதை ஃபெர்மா பார்க்காமல் விட்டாரா? இவ்வளவு பெரிய ஆளுக்கு இது அலட்சியம் இல்லையா?

பதில்: அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தவறு தவறுதான்.

கேள்வி (பொறியாளர், சென்னை): டீச்சர், இதை ஏற்க முடியாது. ஃபெர்மா நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லையே. நம்புகிறேன் என்றுதானே சொன்னார்? அதை எப்படித் தவறு என்பது?

பதில்: நியாயம். 1640-இல் சக கணித அறிஞர் ஃப்ரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில் முழு நிரூபணம் தன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். 1654-இல் பாஸ்கலுக்கு எழுதும்போதும் அதே நிலைதான். ஆகவே நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: அவர் ஊகித்தார், ஊகம் பொய்த்தது.

கேள்வி (கும்பகோணம், மறுபடியும்): ஊகமே ஆனாலும் சரிபார்க்க வேண்டாமா? ஐந்து வகுத்தல்தானே!

கேள்வி (கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி): 64-64 ஆகத் தாண்டும் வித்தை ஆய்லர் கண்டது. ஃபெர்மா காலத்தில் அது தெரியாது. தெரியாத ஆயுதத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது முறையா?

பதில்: இங்கேதான் ஐயா நான் உங்களோடு மாறுபடுகிறேன். ஆயுதம் ஃபெர்மாவிடமே இருந்தது. ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 வரும். இது அவருடைய சொந்தத் தேற்றம், அதே 1640. அதிலிருந்து 64-இன் விதிக்கு வருவது மூன்றே வரி. ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுத்தால் 2³²-இன் மீதி −1. வர்க்கமாக்கினால் 2⁶⁴-இன் மீதி 1. இதற்குமுன் 2-இன் எந்த அடுக்கும் மீதி 1 தராது. தந்தால், மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 64-ஐ வகுத்து 64-ஐவிடச் சிறியதாகவும் இருக்கும், அப்படியானால் அது 32-ஐயும் வகுக்கும், 2³²-இன் மீதியும் 1 என்று ஆகிவிடும். ஆகவே பகா எண்ணுக்கு ஒன்று குறைந்தது 64-ஆல் வகுபட்டே ஆகவேண்டும்.

அதோடு, இதே வகை வேலையை அவர் அதே ஆண்டில் வேறு ஒரு எண்ணில் செய்து வெற்றியும் கண்டார். 2³⁷ − 1-ஐ எடுத்து, அதன் காரணிகள் 74-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாக இருக்க வேண்டும் என்று கண்டு, 223-ஐப் பிடித்தார். 74 × 3 + 1 = 223. பிசகாத வாதங்களால் நிறைய வகுத்திகளை விலக்கிவிட்டேன் என்று ஃபெர்மா எண்களைப் பற்றியும் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே 641 அவர் கண்ணில் படவில்லை என்பதைவிட, கைக்கணக்கில் எங்கோ ஒரு இலக்கம் தவறியிருக்கும் என்பதுதான் என் எண்ணம். என் எண்ணம் மட்டும்தான், சான்று கிடையாது. நாற்பது விடைத்தாள் திருத்திய இரவில் நானே 7 × 8-க்கு 54 என்று போட்டதுண்டு. மனிதக் கைக்கு இது நேரும். அதனால்தான் அலட்சியம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை.

கேள்வி (கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி): 223 பற்றி நினைவில்லாமல் பேசிவிட்டேன், சரிதான். ஆனால் அப்படியானால் 6700417 பகா எண் என்பதை மட்டும் எப்படி நம்புவது? ஆய்லர் கையும் மனிதக் கைதானே?

பதில்: அருமையான கேள்வி. நம்ப வேண்டாம், நாமே பார்த்துவிடலாம்.

6700417-க்குக் காரணி இருந்தால் அதுவும் 2³² + 1-இன் காரணி. ஆகவே அதே விதி பொருந்தும். 1878-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்த விதியை இன்னும் இறுக்கினார்: 64 இல்லை, 128-ஆலேயே வகுபட வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். 2588 வரை 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய பகா எண்கள் எத்தனை? 257, 641, 769, 1153, 1409. ஐந்தே ஐந்து. வகுத்தேன். மீதி முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யமில்லை. ஆகவே 6700417 பகா எண். சந்தேகம் இருப்பவர்கள் அந்த ஐந்து வகுத்தலையும் செய்து, மீதி வேறாக வந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஃபெர்மாவைப் பற்றி இன்னும் பதினோரு கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாமே மேலே பேசியவை. இத்தோடு அதை நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி (நாகர்கோவில்): போனில் உள்ள கால்குலேட்டர் 1.8446744E19 என்று காட்டுகிறதே?

பதில்: மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (காரைக்குடி): 2⁶⁴ ஐந்தால் வகுபடுமா? நீங்கள் 5 காரணி என்கிறீர்கள்.

பதில்: நான் சொன்னது 2⁶⁴ − 1. முதல் எச்சரிக்கையே இதுதான்.

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை வகுத்திகள்?

பதில்: 128. ஏழு பகா காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். ஆகவே 2⁷.

இந்த 128-இல் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பலகையை வரிசை வரிசையாக நிரப்புங்கள். முதல் வரிசை, 8 கட்டம்: மொத்த அரிசி 255. அதாவது 3 × 5 × 17. வகுத்திகள் 8. இரண்டு வரிசை, 16 கட்டம்: 65535. அதாவது 3 × 5 × 17 × 257. வகுத்திகள் 16. நான்கு வரிசை, அரைப் பலகை, 32 கட்டம்: 4294967295. ஐந்து பகா காரணிகள், வகுத்திகள் 32. இப்படி இரட்டித்துப் போகும் ஒவ்வொரு நிலையிலும் கட்டம் எத்தனையோ வகுத்தியும் அத்தனை. 2 கட்டத்துக்கும் 4 கட்டத்துக்கும்கூட அப்படியே.

முழுப் பலகைக்கு வந்தால் 64 கட்டம். 64 வகுத்தி இருக்க வேண்டும். இருப்பதோ 128! ஃபெர்மாவின் ஊகம் சரியாக இருந்திருந்தால் 64-தான் இருந்திருக்கும். 4294967297 இரண்டாக உடைந்ததால் எண்ணிக்கை இரட்டித்துவிட்டது. 641 என்ற அந்தச் சின்ன எண்ணை அரிசி எண்ணில் நேராகப் பார்க்க முடியாது. ஆனால் வகுத்திகளை எண்ணினால் அது இருப்பது தெரிந்துவிடும். எனக்கு இந்த எண் மேல் பிரியம் வந்ததற்கு அதன் பருமன் காரணமே இல்லை. அரைப் பலகை வரை ஒழுங்காக வந்த ஒரு கணக்கு முழுப் பலகையில் உடைகிறது, ஏன் உடைகிறது என்று கையாலேயே கண்டும்விடலாம். இதுதான் காரணம்.

கேள்வி (அதே வங்கி ஊழியர்): இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியுமா?

பதில்: முடியும், எத்தனை விதமாக என்று யோசியுங்கள். எண்ணை இரண்டு வகுத்திகளின் பெருக்கலாக எழுதினால், அவற்றின் கூட்டலில் பாதியின் வர்க்கத்திலிருந்து வித்தியாசத்தில் பாதியின் வர்க்கத்தைக் கழித்தால் அதே எண் வரும். எல்லா வகுத்தியும் ஒற்றைப்படை, அதனால் பாதியாக்குவதில் சிக்கலில்லை. 128 வகுத்திகள், 64 ஜோடிகள். ஆகவே சரியாக 64 விதம். பலகைக்கு எத்தனை கட்டமோ அத்தனை விதம்! மிக எளிதான ஒன்று: 2³²-இன் வர்க்கத்திலிருந்து 1-இன் வர்க்கத்தைக் கழிப்பது.

கேள்வி (புதுச்சேரி): வர்க்கங்களின் கூட்டலாக?

பதில்: இரண்டு வர்க்கத்தால் முடியாது, மூன்றாலும் முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எந்த எண்ணுக்கும் குறைந்தது நான்கு வேண்டும். நான்கு போதும் என்று 1770-இல் லக்ராஞ்ச் நிரூபித்தார்.

கேள்வி (ஓவிய ஆசிரியர், மயிலாடுதுறை): 17 பக்கப் பலகோணத்தை அளவுகோலும் காம்பசும் மட்டும் வைத்து வரையலாம் என்று படித்தேன். அதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. 1796-இல் பத்தொன்பது வயதுகூட நிறையாத காஸ் 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும் என்பது விதி. வேறு எதனாலும் முடியாது என்ற மறுபாதியை 1837-இல் வான்ட்செல் நிரூபித்தார். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான்: 3, 5, 17, 257, 65537. ஐந்தையும் பெருக்கினால் 4294967295. அதாவது, வரைய முடியும் என்று இன்று தெரிந்திருக்கும் ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கையும் அரைப் பலகையின் மொத்த அரிசியும் ஒன்றே.

முழுப் பலகையின் எண்ணுக்கு உரிய பலகோணத்தை வரைய முடியாது. குறுக்கே நிற்பவை 641-உம் 6700417-உம். 65537 பக்கத்துக்கு வரைமுறை எழுதப் பத்து ஆண்டு செலவழித்தவர் ஹெர்மஸ். 1894-இல் முடித்தார், அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

'இன்று தெரிந்திருக்கும்' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். ஆறாவது ஃபெர்மா பகா எண் கிடையாது என்று யாரும் நிரூபித்ததில்லை.

கேள்வி (பாஸ்கல் முக்கோணம் பிடித்தவர், மதுரை): இரட்டைப்படையை 0, ஒற்றைப்படையை 1 என்று மாற்றினால் பாஸ்கல் முக்கோணத்தில் இந்த எண் வருமா?

பதில்: வரும். ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் மேலே உள்ள இரண்டின் கூட்டல் என்று அமைவது அந்த முக்கோணம். மேலிருந்து வரிசைகளை இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று போகும். 32-ஆவது வரியில் அரைப் பலகை எண், 33-ஆவது வரியில் 4294967297, 64-ஆவது வரியில் எல்லாமே ஒற்றைப்படை, ஆகவே 64 ஒன்றுகள். அதுதான் அரிசி எண். முதல் 32 வரிகளில் 1-ஐ விட்டால் மிஞ்சும் 31 எண்களும், வரைய முடியும் என்று மேலே சொன்ன ஒற்றைப்படைப் பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகள், ஒன்றுகூட விடுபடாமல்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): எடை எவ்வளவு வரும்?

பதில்: ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 46,000 கோடி டன். உலகம் ஆண்டுக்கு 50 கோடி டன்னுக்குச் சற்று மேல் அரிசி விளைவிக்கிறது. ஏறக்குறைய 900 ஆண்டு விளைச்சல்.

கேள்வி (பாலக்காடு): அம்பலப்புழை கோயில் பால்பாயசக் கதைதான் இதன் மூலம் என்கிறார்களே?

பதில்: கிருஷ்ணர் முனிவராக வந்து ராஜாவிடம் அரிசி கேட்ட கதை ஆலப்புழைப் பக்கம் சொல்லப்படுவது. பாரசீக, அரபுப் பக்கத்தில் சிஸ்ஸா என்பவர் கோதுமை கேட்டதாகக் கதை, 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதியிருக்கிறார். எது முந்தியது என்பதை வரலாறு படித்தவர்களிடம் கேளுங்கள். எண் எல்லாக் கதையிலும் ஒன்றுதான்.

கேள்வி (ஹோசூர்): 64 வட்டு ஹனோய் கோபுரம்?

பதில்: கம்பத்தில் அடுக்கிய வட்டுகளை, சிறியதன் மேல் பெரியது வராமல், ஒவ்வொன்றாக வேறு கம்பத்துக்கு மாற்றும் புதிர் அது. அதே எண்தான், அத்தனை நகர்த்தல். 1883-இல் அந்தப் புதிரை வெளியிட்டவர் மேலே 128-இன் விதியில் வந்த அதே லூக்கா. வினாடிக்கு ஒரு நகர்த்தல் என்றால் சுமார் 58,000 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு.

கேள்வி (ஐ.டி., பெங்களூரு): கணினியில் இதுதான் மிகப்பெரிய எண்ணா?

பதில்: இல்லை. 64 பிட்டில் குறியில்லாமல் வைக்கக்கூடிய மிகப்பெரிய முழு எண். அந்தப் பெட்டிக்குள் இன்னும் ஒன்று கூட்டினால் 0 ஆகிவிடும்.

கேள்வி (ஐ.டி., சென்னை): இதை ரகசியக் குறியீட்டுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: இருபது இலக்க எண் எதுவும் அதற்குப் போதாது. மேற்கொண்டு அந்தத் துறைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி (வேலூர்): ஆன்லைன் கால்குலேட்டர் ஒன்று 2⁶⁴ − 1-க்கும் 2⁶⁴-க்கும் ஒரே விடை தருகிறது...

பதில்: திருப்பூர்க்காரருக்குச் சொன்ன பதில்.

கேள்வி (முதுகலை மாணவர், திருவாரூர்): எண்ணோடு 2 கூட்டினால் அடுத்த ஃபெர்மா எண் வருகிறதே, இது தற்செயலா?

பதில்: தற்செயல் இல்லை. எந்த ஃபெர்மா எண்ணையும் எடுங்கள். அதற்கு முந்தைய எல்லா ஃபெர்மா எண்களையும் பெருக்கி 2 கூட்டினால் அது கிடைக்கும். 3 + 2 = 5. 3 × 5 + 2 = 17. 3 × 5 × 17 + 2 = 257. ஆகவே இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை, அதனால் பொதுக் காரணியே கிடையாது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் குறைந்தது ஒரு புதுப் பகா எண்ணைக் கொண்டுவருகிறது. அப்படியானால் பகா எண்கள் முடிவில்லாதவை. 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய வாதம் இது.

நம் எண்ணோடு 2 கூட்டிய 18446744073709551617-உம் பகு எண்தான்: 274177 × 67280421310721. 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் எண்பதைத் தாண்டிய வயதில் இதை உடைத்து வெளியிட்டார். 274177-இல் ஒன்றைக் கழித்து 256-ஆல் வகுத்தால் 1071. அதே குடும்ப விதிதான்.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவியின் அம்மா, அரியலூர்): என் மகளுக்கு இதில் ஏதாவது கொடுத்துப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது டீச்சர்?

பதில்: முதல் வரிசை போதும்மா. பலகையில் நிஜமாகவே எட்டுக் கட்டம் அரிசி வையுங்கள், 255-ஐயும் குழந்தையே எண்ணட்டும். பிறகு 255-இன் வகுத்திகள் எட்டையும் தேடச் சொல்லுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. நான்கு ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியையும் வர்க்க வித்தியாசமாக்கச் சொல்லுங்கள். 16 × 16-இலிருந்து 1 × 1, 28 × 28-இலிருந்து 23 × 23, 44 × 44-இலிருந்து 41 × 41, 128 × 128-இலிருந்து 127 × 127. நாலும் 255 தரும். விடையை முதலில் காட்டிவிடாதீர்கள், 28-ஐயும் 23-ஐயும் அவளே கண்டுபிடிக்கட்டும். முடித்துவிட்டு இரண்டாவது வரிசை கேட்டால் 65535-ஐக் கொடுங்கள். அதற்கு அரிசி எண்ண வேண்டாம், 16 வகுத்தி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.